மின்னோட்டம் எங்கே தடைப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் அறிவியல் பக்கத்தில் சேதனக் குறைகடத்திகள் (காபன் சேர்மங்களாலான குறைகடத்திகள்) பற்றி வெளியான கட்டுரை, கைத்தொலைபேசித் திரைக்குள் இருப்பது ‘உலோகம்போல மின்னைக் கடத்தும் பிளாஸ்ரிக்’ என்கிறது. 1977இல் சிரகாவா, மக்டியார்மிட், ஹீகர் ஆகியோர் அயடீன் ஆவியால் மாசூட்டிய பொலியசற்றிலீனைப் பற்றி அப்படிச் சொன்னால் ஓரளவு பொருந்தும். திரையில் ஒளிரும் படலம் வேறு. கடத்துதிறனைக் கூட்டும் மாசு அதில் இல்லை. மின்னேற்றத்தைச் சுமக்கும் சொந்த ஏற்றக்காவிகளும் அநேகமாக இல்லை. அதில் ஓடும் இலத்திரன்களும் துளைகளும் (இலத்திரன் இல்லாததால் நேரேற்றம்போல நகரும் வெற்றிடங்கள்) மின்வாய்களிலிருந்தே உள்ளே புக வேண்டும். 1987இல் கொடாக் ஆய்வுகூடத்தில் ராங், வான் ஸ்லைக் இருவரும் 10 வோல்ற்றுக்குக் குறைவான அழுத்தத்தில் ஒளியைப் பெற்றதற்கு, வேலைச்சார்பு (மேற்பரப்பிலிருந்து இலத்திரனை வெளியேற்றத் தேவையான சக்தி) குறைந்த மக்னீசியம்-வெள்ளிக் கலப்பை எதிர்மின்வாயாக வைத்ததும் ஒரு காரணம்.

திருத்தம் கேட்பதோடு நிறுத்தாமல் இதை எழுதுவதற்குக் காரணம், இதே குழப்பம் எங்கள் மாணவர்களின் செயற்றிட்ட அறிக்கைகளிலும் வருவதுதான். மின்னோட்டம் குறைவாக வந்தால் ‘படலத்தின் இயங்குதிறன் குறைவு’ என்று, அதாவது மின்புலத்தில் ஏற்றம் அதில் மெதுவாக நகர்கிறது என்று, எழுதிவிடுகிறார்கள். தடை படலத்துக்குள்ளா, மின்வாய் விளிம்பிலா என்று பார்ப்பதில்லை.

மின்வாயிலிருந்து படலத்துக்குள் புக ஏற்றம் தாண்டவேண்டிய சக்தித் தடை, அதாவது விளிம்புத் தடை, ஏறத்தாழ 0.3 இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் மின்வாய் தேவையான அளவு ஏற்றத்தைத் தந்துவிடும். அதற்கு மேலே போனால் நிலைமை விரைவாக மோசமாகும். அறை வெப்பநிலையில் வெப்பச் சக்தி 0.025 இலத்திரன்வோல்ற்றுத்தான், எளிய வாய்பாட்டின்படி தடை 0.06 கூடும் ஒவ்வொரு தடவையும் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். பாடநூல் படங்களில் உலோகத்தின் சக்தி மட்டத்தையும் மூலக்கூறின் சக்தி மட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் கழிப்பதும் ஏமாற்றும். வெற்றிடத்தில் தூய்மையாக இருக்கும் பொன்னின் வேலைச்சார்பு 5 இலத்திரன்வோல்ற்றுக்குச் சற்று மேல். அதன்மேல் மூலக்கூறுகள் படிந்ததும் மேற்பரப்பு இலத்திரன் முகில் உள்ளே அமுக்கப்பட்டு, அது அரை இலத்திரன்வோல்ற்றும் அதற்கு மேலும் இறங்கலாம்.

விளிம்பில் தடையில்லை என்றால், ஓட்டத்தை மட்டுப்படுத்துவது படலத்தில் நெருங்கி நிற்கும் ஏற்றமே. மொற்-கேர்ணி விதிப்படி மின்னோட்ட அடர்த்தி அழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், தடிப்பின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) நேர்மாறு விகிதம். மின்னுழைய மாறிலி 3, இயங்குதிறன் வோல்ற்று-செக்கனுக்கு 10⁻⁴ சதுர சென்ரிமீற்றர், தடிப்பு 100 நனோமீற்றர் என்று கொண்டால், 1 வோல்ற்றில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிஅம்பியர் வரும். 200 நனோமீற்றரில் அது 4க்கும் கீழே.

இரண்டையும் பிரித்தறியும் சோதனைக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே கரைசலைச் சுழற்சி வேகத்தை மாற்றிப் பூசி, 100, 200 நனோமீற்றர் படலங்களைச் செய்யுங்கள். மின்னோட்ட அடர்த்தியை அழுத்தத்துக்கு எதிராக அல்ல, அழுத்தத்தைத் தடிப்பால் வகுத்து வரும் மின்புலத்துக்கு எதிராகக் குறியுங்கள். இரு வளையிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டுப்படுத்துவது மின்வாய். தடித்த படலத்தின் வளையி பாதியளவில் கீழே நின்றால் மட்டுப்படுத்துவது படலம். இயங்குதிறனைக் கணிக்க அப்போதுதான் உரிமை உண்டு.

கணிக்கும்போதும் வழுக்குமிடங்கள் உண்டு. தடிப்பில் 10 வீதப் பிழை, கனத்தால் 33 வீதமாகிறது. ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் கீறி அளக்க வேண்டும். கண்ணாடியிலுள்ள, ஒளிபுகும் மின்வாயான ஐ.ரி.ஓ. (இந்தியம்-வெள்ளீய ஒட்சைட்டு) பூச்சின் தொடர்த்தடையை மறந்துவிடுகிறார்கள்: 0.1 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் மேற்சொன்ன 30 மில்லிஅம்பியர் என்றால் 3 மில்லிஅம்பியர் ஓடும். 50 ஓம் தடை அதில் 0.15 வோல்ற்றைத் தின்றுவிடும். இரு மின்வாய்களின் வேலைச்சார்பு வித்தியாசத்தால் வரும் உள்ளார்ந்த அழுத்தத்தையும் கழிக்க வேண்டும்.

தயாரிப்பில் யாழ்ப்பாணத்து மாரியே பெரிய எதிரி. ஐ.ரி.ஓ. தகட்டைச் சவர்க்காரக் கரைசல், அயனகற்றிய நீர், அசற்றோன், ஐசோபுரொப்பனோல் என்ற வரிசையில் கழியொலித் தொட்டியில் தலா 10 நிமிடம் கழுவி, 15 நிமிடம் புறஊதா-ஓசோனில் வைத்து, உடனே பூச வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் உயர்ந்த வேலைச்சார்பு இறங்கிவிடும். ஐ.ரி.ஓ.வின்மேல் பூசும் கடத்தும் பல்பகுதியமான (பொலிமர்) பெடொட் நீரை உறிஞ்சும். அதை 0.45 மைக்கிரோமீற்றர் வடிகட்டியால் வடித்துப் பூசி, 140 பாகை செல்சியசில் 10 நிமிடம் உலர்த்தி, ஆறியவுடன் அளக்கவேண்டிய பல்பகுதியத்தைப் பூசுங்கள்.

பி3எச்ரி என்ற குறைகடத்திப் பல்பகுதியம் காற்றில் நின்றால் ஒட்சிசனால் மாசூட்டப்படும். தாழ் அழுத்தத்தில் மின்னோட்டம் கூடி நேர்கோடாகப் போகும். அதை நல்ல மாதிரி என்று மகிழ்பவர்களும் உண்டு! ஈரமும் ஒட்சிசனுமோ இலத்திரன்களைப் பிடித்து நிறுத்தும் பொறியாகின்றன. கல்சியம் மின்வாய் நிமிடங்களில் கெடும். காற்றும் ஈரமும் புகாத கையுறைப்பெட்டி இல்லாத இடத்தில் இலத்திரன் இயங்குதிறனை அளக்க முயலாமல், துளை மட்டும் ஓடும் இருவாயியோடு (டயோட்) நிற்பதே என் பரிந்துரை.

அடுத்த முறை இத்தகைய கட்டுரையில் இயங்குதிறன் எண் எதையும் பிரசுரித்தால், அது இருவாயியில் அளந்ததா திரான்சிஸ்ரரில் அளந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே பி3எச்ரி இருவாயியில் 10⁻⁴ அளவில் நிற்க, திரான்சிஸ்ரரில் 0.1 வரை போகும். அங்கே ஏற்றச் செறிவு மிக அதிகம், பொறிகள் முதலில் நிரம்பிவிடுகின்றன. ஓடும் திசையும் வேறு.

இங்ஙனம்,
பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.