எண்பதாவது நிமிடத்து ஓட்டம்

பொள்ளாச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாமிக்கு,

நீ அனுப்பிய வீடியோ தொகுப்பைப் பார்த்தேன். அது மட்டும் பத்தாது என்று தம்பியிடம் சொல்லி, அந்தப் பையன் ஆடிய முழு ஆட்டங்களையும் டி.வி.யில் போடச் சொல்லிப் பார்த்தேன். இந்தியக் கால்பந்து அணிப் பயிற்சியாளர்கள் உங்கள் கிளப்பிடம் அவனைப் பற்றிக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள், அறிக்கை எழுதுவது நீ என்று சொன்னாய். வலது ஓரத்தில் விங்கராக ஆடுகிற 19 வயசுப் பையனுடைய பெயர் பட்டியலில் ஏறுவதும் ஏறாததும் உன் எழுத்தில் இருக்கிறது. ஃபோனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகாமுக்குக் கூப்பிடலாம். 23 பேர் பட்டியலில் இப்போது வேண்டாம்.

வேகத்தில் சந்தேகமே இல்லை. நடுக்கோட்டுப் பக்கம் பந்தை முன்னால் தள்ளிவிட்டு ஓடினான் என்றால் எதிரணி லெஃப்ட் பேக் ரெண்டே எட்டில் பின்தங்கிவிடுகிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொகுப்பில் இருப்பதெல்லாம் ஓட்டம் மட்டுந்தான் கண்ணு. ஓட்டம் முடிகிற இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள். முடிந்த பிறகு பந்து எங்கே போனது என்பதைத்தான் நான் முழு ஆட்டத்தில் தேடினேன்.

முதல் ஆட்டத்தின் 63-வது நிமிடத்தை எடுத்துப் போட்டுப் பார். தன் பாதியிலேயே பந்தை வாங்கி, ஒருத்தனைத் தாண்டி, கார்னர் கொடிப் பக்கம் வரை போய்விட்டான். உங்கள் ஸ்ட்ரைக்கர் நியர் போஸ்ட்டுக்கு, பந்து இருக்கிற பக்கத்துக் கம்பத்துக்கு, ஓடுகிறான். அவனை ஒட்டியே ரெண்டு டிஃபெண்டர்களும் போய்விட்டார்கள். பெனால்டி புள்ளிக்கிட்ட மிட்ஃபீல்டர் ஒருத்தன் தனியாக நின்று கையைத் தூக்கிக் கேட்கிறான். பையன் தலையைத் தூக்கவே இல்லை. பந்தைப் பார்த்தபடியே வந்தான், பார்த்தபடியே அடித்தான். முதல் டிஃபெண்டர் முழங்காலில் பட்டுக் கார்னர். கூட்டம் கைதட்டியது, கமென்ட்ரி சொன்னவரும் ஆகா என்றார். கையில் இருந்த கோல் போன இடம் அது. அடுத்த ஆட்டத்திலும் இதே மாதிரி நடக்கிறது, நீயே தேடிப் பார்.

அவன் ஏன் அப்படி ஆடுகிறான் என்பது எனக்குத் தெரியும். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பையன் என்று சொன்னாய். நம்ம பக்கத்து மைதானங்களெல்லாம் கட்டாந்தரை. நடுவில் கல் கிடக்கும், பந்து எப்போது எந்தப் பக்கம் தத்தும் என்று சொல்ல முடியாது. அங்கே வளர்கிற பிள்ளை பந்திலிருந்து கண்ணை எடுத்தால் பந்து போய்விடும். பாலக்காட்டுப் பக்கம் அணிக்கு ஏழு பேராக ஆடுகிற செவன்ஸ் ஆடப் போகிற பையன்களுக்கும் இதேதான். சின்ன இடம், நாலு பக்கமும் கால், குனிந்த தலை நிமிராது. பந்தை நீளமாகத் தள்ளிவிட்டு ஓடுவதுதான் அவர்களுக்குச் சுலபம். இது பையனுடைய குற்றமில்லை, அவன் வளர்ந்த தரையின் பழக்கம். பழக்கம் என்பதால் மாற்றவும் முடியும்.

நான் பி.டி. டீச்சராக இருந்தபோது குடியரசு தினப் போட்டிகளுக்கு டீம் எடுப்பேன். நூறு மீட்டரில் முதலில் வருகிறவனைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஏனுங்க டீச்சர், இவனை ரைட் அவுட்டுல நிறுத்திரலாமுங்களா?" என்று கேட்காத ஆளே இல்லை. நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பையன் ஓரக்கோட்டில் முழு வேகத்தில் பந்தோடு வரவேண்டும். வருகிற வழியில் நான் விரல்களைத் தூக்கிக் காட்டுவேன். எத்தனை விரல் என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் கிராஸ் அடிக்கவேண்டும், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்தைப் போடவேண்டும். நூறு மீட்டர் சூரர்களில் பாதிப் பேருக்கு முதல் வாரம் நான் கை தூக்கியதே தெரியாது. மூணு வாரம் விடாமல் பண்ணினால் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் கிளப்பில் ஆள் இருக்கிறது, கேமரா இருக்கிறது, புல்தரை இருக்கிறது. இதை நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

கிளப்பில் இந்தக் குறையை வைத்துக்கொண்டு ஒரு சீசன் ஓட்டிவிடலாம். இந்திய அணியில் முடியாது. சில நாள்தான் சேர்ந்து பயிற்சி, உடனே ஆட்டம். அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரமில்லை, தெரிந்ததைக் கொண்டுபோகத்தான் நேரம். அதுவும் நம்ம அணிக்கு வருகிற ஆட்டங்களை நினைத்துப் பார். 2019 செப்டம்பரில் தோஹாவில் கத்தாரோடு ஆடினோமே, கேப்டன் சேத்ரி இல்லாமல், ஆசியச் சாம்பியனோடு 0-0. குர்பிரீத் கோலில் நின்று பந்து பந்தாகத் தடுத்தார். அந்த மாதிரி ஆட்டத்தில் எதிரணி ஏறி வரும், அவர்களுக்குப் பின்னால் வெட்டவெளி கிடக்கும். உதாந்தா சிங் மாதிரி வேகமான ஆள் ஒருத்தர் இருந்தால் அவர்களும் கொஞ்சம் யோசித்துத்தான் ஏறுவார்கள். அங்கே நம்ம பையனுக்கு வேலை இருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு ஆடியது வேறு. சொந்த மண், கோல் போட்டே ஆகவேண்டிய ஆட்டம், ஓய்வு பெற்றுவிட்ட சேத்ரியே 40 வயசில் திரும்பி வந்து ஆடினார், அப்படியும் 0-0. எதிரணி தன் பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் நெருக்கி நின்றுவிட்டால் ஓடுவதற்கு இடமே இருக்காது. அப்போது தேவை முதல் டச், ஒரு பார்வை, சரியான இடத்துக்கு ஒரு பந்து. உங்கள் பையனுக்கு எதிரில் பேக் நெருங்கி வராமல் அஞ்சு கெஜம் தள்ளி நின்றால், அவன் நின்றுவிடுகிறான், திரும்பிப் பின்னால் பாஸ் போடுகிறான். ரெண்டாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க இதுதான். இதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் போனதிலிருந்து எல்லோரும் இளசுகளைக் கூப்பிடு, இளசுகளைக் கூப்பிடு என்கிறார்கள். அந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனால் ஆத்திரத்தில் எடுக்கிற பையனுக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்க்கவேண்டும். இங்கிலாந்து விங்கர் தியோ வால்காட் கதை உனக்கே தெரியும், நீ ஆர்சனல் பிடித்தவன். 2006 ஜனவரியில் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆர்சனலுக்கு வந்த பையன், பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 17 வயசில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் அவனை உலகக் கோப்பைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜெர்மனியில் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. அந்த இடத்தில் ஆடிப் பழகிய ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்திருக்கலாம் என்று இங்கிலாந்துக்காரர்கள் சொன்னது நியாயந்தான். அதே பையன் ரெண்டு வருஷம் ஆர்சனலில் ஆடிவிட்டு, 2008 செப்டம்பரில் ஜாக்ரெப்பில் குரோஷியாவுக்கு எதிராக மூணு கோல் போட்டான், 4-1. வேகம் 2006-லும் அதே வேகந்தான். நடுவில் அவன் ஆடிய ஆட்டங்கள்தான் வித்தியாசம். அப்படியும் 2010 உலகக் கோப்பைப் பட்டியலில் அப்போதைய பயிற்சியாளர் கப்பெல்லோ அவனைச் சேர்க்கவில்லை. வேகமான விங்கரின் பிழைப்பு அப்படி. ஓட்டத்துக்காக எடுப்பார்கள், கடைசிப் பந்துக்காக விட்டுவிடுவார்கள்.

நம்மிடமே விங்கர் சாங்தே இருக்கிறார். 2015 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நேபாளத்துக்கு எதிராக 18 வயசில் ரெண்டு கோல். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு 2022-23 சீசனுக்குத்தான் வந்தது. சின்ன வயசில் எடுத்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்த பிறகு ஆள் முழுசாக வளர ஏழு வருஷம் ஆனது, அந்த ஏழு வருஷமும் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். அதைத்தான் சொல்கிறேன்.

சரி, குறை சொல்லிக்கொண்டே போகிறாள், பிறகு எதற்கு முகாமுக்குக் கூப்பிடச் சொல்கிறாள் என்று கேட்பாய். ரெண்டாவது ஆட்டத்தின் 80-வது நிமிடம். உங்கள் கார்னர் வீணாகி எதிரணி கவுண்டர் அட்டாக்கில் பாய்கிறது. உங்கள் ரைட் பேக் மேலே மாட்டிக்கொண்டான். பையன் அப்போது எதிரணி பாக்ஸ் ஓரத்தில் இருக்கிறான், அன்றைக்கு முழுக்க ஒன்றும் சரியாக அமையவில்லை, களைத்தும் போயிருக்கிறான். அங்கிருந்து திரும்பி உங்கள் பெனால்டி பாக்ஸ் வரை ஓடி வந்தான் சாமி. விழுந்து டேக்கிள் பண்ணவில்லை. ஆளுக்கும் கோலுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, பந்தை வெளியே தட்டிவிட்டான். ஒருத்தரும் கைதட்டவில்லை. திரும்பி ரைட் பேக்கைப் பார்த்து, "நீ போ, நான் இருக்கிறேன்" என்பது மாதிரி கையைக் காட்டினான். 2019-ல் குவாஹாத்தியில் ஓமனோடு முன்னிலையில் இருந்துவிட்டு 82-வது நிமிடத்திலும் 90-வது நிமிடத்திலும் கோல் வாங்கித் தோற்றோமே, அந்த மாதிரி நேரத்தில் திரும்பி ஓடுகிற விங்கர் எந்தப் பயிற்சியாளருக்கும் கிடைப்பது கஷ்டம். இந்த ஓட்டம் உன் தொகுப்பில் இல்லை. முதல் துண்டாக இதைப் போடு.

இப்படி ஓடுகிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் வரும். முப்பது வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தவள் சொல்கிறேன், மற்றதெல்லாம் கற்றுத் தந்துவிடலாம், இதைக் கற்றுத்தருவது கடினம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ கறாராக இருக்கவேண்டும். முகாம் என்றால் ஃபிஃபா இடைவேளை நாட்களில் மட்டும். அப்போது லீக் ஆட்டம் நடக்காது, பையனுக்கு நஷ்டமில்லை. அதற்கு வெளியே வாரக்கணக்கில் உட்கார வைப்பதற்குக் கேட்டால் கிளப் ஒத்துக்கொள்ளக்கூடாது. அவனுக்கு இப்போது வேண்டியது தொண்ணூறு நிமிட ஆட்டங்கள். கடைசி நேரத்தில் அள்ளிக்கொண்டு போவதும் வேண்டாம். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு நம்ம பிள்ளைகள் ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் போய் இறங்கி, சீனாவிடம் 1-5 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோல் திருச்சூர்ப் பையன் ராகுல் வலது ஓரத்தில் ஓடிப்போய், கோணமே இல்லாத இடத்திலிருந்து போட்டது. அப்பேர்ப்பட்ட ஓட்டத்தை இப்படியா வீணாக்குவது என்று அன்றைக்கு எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்று. உடுமலையில் அவன் வீட்டுப் பக்கம், "நம்ம பையன் இந்தியாவுக்கு ஆடப் போறான்" என்று இப்போதே பேச்சாம். உன் சித்தப்பாவும் ரெண்டு தடவை ஃபோன் போட்டு, "ஒரு வார்த்தை நல்லதா எழுதச் சொல்லுங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. கொங்குப் பையன் என்பதற்காக ஒரு வரி கூடவும் வேண்டாம், அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு வரி குறையவும் வேண்டாம். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச்சில் சென்னை சிட்டி மினர்வாவை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கோப்பை எடுத்ததை நாம் சேர்ந்துதானே பார்த்தோம். சென்னை சிட்டி ஸ்ட்ரைக்கர் மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். ஊர்ப் பாசத்தால் ஒரு கோலும் விழவில்லை; அவர் நிற்கிற இடத்துக்குப் பந்து வந்தது, அதனால் விழுந்தது.

அறிக்கையில் இப்படி எழுது: வேகம் உறுதி, திரும்பி ஓடிக் காக்கிற மனசு உண்டு, கிராஸ் போடுமுன் தலை நிமிர்வதில்லை, இடம் தராமல் நிற்கிற எதிரணிக்கு எதிராக இன்னும் தயாரில்லை, அடுத்த முகாமுக்கு அழைக்கலாம், பட்டியலுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். பையனிடமும் இதையே உட்கார வைத்துச் சொல். பயிற்சியாளர் வாயால் தெரியவருவதைவிட உன் வாயால் தெரிந்துகொள்ளட்டும்.

இங்கே அப்பா நன்றாக இருக்கிறார். தென்னையில் வெள்ளை ஈ மறுபடி வந்துவிட்டது, அதற்கு மருந்தடிக்கத் தோட்டத்திலேயே கிடக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

அவன் இடது காலில் கிராஸ் போடுகிற ஒரு காட்சிகூட நான் பார்க்கவில்லை. பயிற்சியில் எடுத்தது ஏதாவது இருந்தால் தம்பி ஃபோனுக்கு அனுப்பிவிடு, அறிக்கை கொடுக்குமுன் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா