மறுப்பைச் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் காதல் நகைச்சுவை அனிமே (அசைவூட்டப் படத்) தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே பையனை இரண்டு மூன்று பெண்கள் விரும்பும் இக்கதைகளில் யாருக்கு அவன் கிடைப்பான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அந்தப் போட்டியே வெறும் பாவனை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். யாருக்குக் கிடைப்பான் என்பது பெரும்பாலும் தெரிந்த கதைதான். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால், கிடைக்காமல் போனவளிடம் 'இல்லை' என்ற சொல்லை யார் வாய்விட்டுச் சொல்கிறார் என்பதை அவர் கவனிக்கவே இல்லை. அதை வைத்துத்தான் நான் ஒரு தொடரை மதிப்பிடுகிறேன்.

ஜப்பானியப் பள்ளிக் கதைகளில் 'கொகுஹாகு' என்று ஒரு வழக்கம் இருப்பது அனிமே பார்ப்பவர்களுக்குத் தெரியும். விருப்பத்தை நேருக்கு நேர் நின்று சொல்லியாக வேண்டும். கேட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராதவரை உறவு தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. எனவே மறுப்பை ஒத்திப்போட்டால் கதையையும் ஒத்திப்போடலாம். வார இதழ்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும் மாங்கா என்னும் சித்திரக்கதைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு நாயகிக்கும் தனித்தனி ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டால், ஒருத்தியிடம் சொல்லும் மறுப்பு அந்தக் கூட்டத்துக்கே சொன்ன மறுப்பாகிவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இந்தத் தயக்கம் இன்று நேற்று வந்ததன்று. ருமிகோ தகாஹாஷி 1980 முதல் 1987 வரை வரைந்து, பின்னர் 96 பகுதிகள் கொண்ட அனிமேயாகவும் வந்த 'மேசோன் இக்கோகு'வை எடுத்துக்கொள்வோம். பழைய விடுதியொன்றின் பொறுப்பாளரான இளம் விதவை கியோகோவை, அங்கே குடியிருக்கும் கொதாயும், டென்னிஸ் பயிற்சியாளரான மிதாகாவும் விரும்புகிறார்கள். மிதாகா பணக்காரர், அழகர், பண்பானவர். ஒரே குறை, நாயைக் கண்டால் நடுங்குவார். இப்படிப்பட்டவரைக் கதையிலிருந்து எப்படி வெளியே அனுப்புவது? கியோகோ மறுத்துச் சொல்லவில்லை. வீட்டார் பார்த்த பெண்ணான அசுனா கருவுற்றிருப்பதாகவும் அதற்குத் தாமே காரணம் என்றும் தவறாக எண்ணி, மிதாகா அவளை மணப்பதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். கருவுற்றது அவளுடைய நாய் என்பது பிறகுதான் தெரிகிறது. நான் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. இருந்தாலும், பல ஆண்டுப் போட்டியை ஒரு நாயின் பிரசவத்தால் தீர்த்துவைத்தது கியோகோவைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றும் தந்திரம்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே தொடர் இன்னொரு போட்டியைத் தந்திரமின்றித் தீர்க்கிறது. கொதாய்க்கு உண்மையான போட்டியாளர் மிதாகா அல்லர்; கியோகோவின் இறந்துபோன கணவர் சோயிசிரோ. இறந்தவரிடம் மறுப்பைச் சொல்லவும் முடியாது, அவருக்கு வேறு பெண் பார்த்து அனுப்பவும் முடியாது. இறுதியில் கொதாய் அவருடைய கல்லறை முன் நின்று, கியோகோவின் மனத்தில் அவருக்கு உள்ள இடத்தோடு சேர்த்தே கியோகோவை ஏற்பதாகச் சொல்கிறான். போட்டியாளரை அகற்றாமலே போட்டியை முடித்த இப்படியொரு காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

'தொராதொரா' (2008–2009, 25 பகுதிகள்) வேறு வழியில் போகிறது. இங்கே மறுப்பைச் சொல்பவள் போட்டியிலிருந்து விலகுபவளே. நாயகன் ரியூஜி விரும்புவது மினோரியை. மினோரிக்கும் அவன்மீது விருப்பம் உண்டு. கிறிஸ்துமஸ் இரவில், தன் தோழி தைகா தெருவில் அவன் பெயரைச் சொல்லி அழுவதை மினோரி பார்த்துவிடுகிறாள். பிறகு ரியூஜியைச் சந்திக்கும்போது, அவன் தன் விருப்பத்தைச் சொல்ல வாய் திறக்குமுன்பே தடுத்துவிடுகிறாள். இதோடு நின்றிருந்தால் தியாகம் என்று கொண்டாடிவிட்டு மறந்திருப்போம். ஆனால், விட்டுக்கொடுத்தல் என்ற பெயரில் தோழிக்குப் பிச்சை போட்டதுபோல ஆகிவிடக்கூடாது என்பது மினோரிக்கே உறைக்கிறது. கடைசிப் பகுதிகளில் தைகாவைப் பிடித்து நிறுத்தி உண்மையைச் சொல்லச் சொல்கிறாள், தனக்கும் அவன்மீது விருப்பம் இருந்ததை மறைக்காமல் சொல்கிறாள். இதில் எனக்குள்ள மனக்குறை, அவனை விரும்பிய இன்னொருத்தியான அமியைப் பற்றியது: எல்லோருடைய மனத்தையும் முதலில் படித்தவள் அவளே, அவளுக்குத்தான் உரிய பதில் கிடைக்கவில்லை.

நாயகனே வாய் திறந்து மறுக்கும் கதை வேண்டுமென்றால், 1988இல் வந்த 'கிமாகுரே ஆரஞ்சு ரோடு' திரைப்படத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய 48 பகுதித் தொலைக்காட்சித் தொடரில் கியோசுகே, மதோகாவுக்கும் ஹிகாருவுக்கும் நடுவே பட்டும் படாமலும் மழுப்பிக்கொண்டே இருந்தான். நாமும் சிரித்துக்கொண்டே இருந்தோம். சுமார் 70 நிமிடமே ஓடும் படத்தில் அந்த மழுப்பலுக்கான கணக்குத் தீர்க்கப்படுகிறது. அவன் மறுத்த பிறகும் ஹிகாரு விடாமல் வந்து நிற்கிறாள், அழுகிறாள், கெஞ்சுகிறாள். நகைச்சுவை மருந்துக்கும் இல்லை. தொடரை விரும்பிய பலருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. எனக்கும் முதன்முறை பார்த்தபோது கோபமே வந்தது. இப்போது யோசித்தால், தொடரின் 48 பகுதிகளிலும் நம்மைச் சிரிக்கவைத்தது எது என்பதை அந்தப் படம்தான் காட்டிக்கொடுத்தது.

பின்னால் வந்தவர்கள் இந்தக் கசப்பைத் தவிர்க்கப் பல வழிகள் கண்டுபிடித்தார்கள். 2010இன் 'அமகாமி எஸ்எஸ்' நான்கு பகுதிகளுக்கு ஒருமுறை கதையைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருத்தியையும் நாயகனோடு சேர்த்துவைத்தது. 'போகுபென்' மாங்கா ஐந்து நாயகிகளுக்கும் தனித்தனி முடிவு எழுதியது. அண்மையில் வந்த '100 காதலிகள்' தொடரிலோ யாரையும் மறுக்க வேண்டிய தேவையே இல்லை. ஐந்து சகோதரிகளின் கதையான 'கோதோபுன் நோ ஹனயோமே' 2022 திரைப்படத்தோடு நிறைவடைந்தபோது, ஐவரையும் வெவ்வேறு அறைகளில் காத்திருக்கச் சொன்ன நாயகன் யோத்சுபா இருந்த அறைக்கு மட்டும் போனான். மற்ற நால்வருக்கும் திறக்காத கதவே பதில்.

கட்டுரையில் ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். 'நிசெகோய்' அனிமேயில் நாயகிகளுள் ஒருத்தியான ஓனோதேராவின் தோல்வி காட்டப்பட்டதாக எழுதப்பட்டுள்ளது. அனிமே இரு பருவங்களாக 32 பகுதிகளோடு 2015இல் நின்றுவிட்டது; நாயகன் ராகு அவளுக்குப் பதில் சொல்வது 2016இல் முடிந்த மாங்காவில்தான். அனிமேயை மட்டும் பார்த்தவர்களுக்கு ஓனோதேரா இன்றுவரை காத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கட்டுரையாளர் மீண்டும் எழுதுவாரானால், 2024இல் வந்த 'மாகேயின்' தொடரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மற்ற கதைகள் முடியும் இடத்தில்தான் அது தொடங்குகிறது. யானாமி என்ற பெண் தன் பால்ய நண்பனை இன்னொருத்தியின் பின்னால் ஓடச் சொல்லி அனுப்பிவிட்டு, உணவகத்தில் அவன் மிச்சம் வைத்துப்போன பானத்தை உறிஞ்சிக் குடிக்கிறாள். பிறகு கையில் காசில்லாத அளவுக்கு வரவழைத்துச் சாப்பிடுகிறாள். அந்த உணவுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு, அவளிடமிருந்து மதிய உணவாகத் திரும்பப் பெறும் பையனின் பார்வையில் மீதிக் கதை நடக்கிறது.

தங்கள்,
நெடுநாள் வாசகி