அந்தக் கால் ஸ்வரம்

மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, லேட்டுக்கு கோச்சுக்காத. இங்க கொடைக்கானல்ல ஐப்பசி மழை நிக்கவே இல்லடா, மூஞ்சிக்கல் பக்கம் மரம் சாஞ்சு ரெண்டு நாள் கரண்ட் இல்ல. அம்மா நல்லாருக்காங்க, முட்டி வலிதான் விடல. பாப்பா திண்டுக்கல் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடே வெறிச்சுனு ஆயிருச்சு, சாயங்காலம் ஆனா கிட்டார எடுத்துட்டு உக்காந்துடுறேன்.

காலேஜ்ல ராத்திரி ராத்திரி கேப்போமே ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ கேசட்டு, அதுல முதல் பாட்டு ‘ஸோ வாட்’, அந்த டிரம்பெட் சோலோவ காதால கேட்டு நோட்டுல எழுதிட்டு இருக்கேன். ரெண்டே ரவுண்டு, 64 பார்தான் (ஒரு பாருக்கு நாலு தட்டு), எனக்கு நாலு மாசம் ஆச்சு. அச்சுலயே கிடைக்குமே எதுக்கு கஷ்டப்படுறன்னு கேட்டிருந்த. உங்க வாத்தியார் உன்ன வர்ணத்த வாயால பாட வெச்சுட்டுத்தானடா வயலினையே தொட விட்டாரு, அதேதான். மொதல்ல பாடுறேன், பாட வந்ததுக்கு அப்புறம்தான் கிட்டார். அப்படிப் பாடுறப்போதான் அந்த மனுசன் எங்க வாசிக்காம விடுறாருன்னு தெரியுது, அந்த சும்மா இருக்குற இடத்த எண்ணி எண்ணி எழுதுறதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ரொம்பப் பிடிச்சதும் அதுதான்.

இதுல ஒரு விஷயம் கேளு. அந்த பழைய கேசட்ட போட்டா கிட்டார்ல எந்தக் கட்டையிலயும் சேரல, டி-யும் இல்ல அதுக்கு அடுத்த கட்டை ஈ ஃப்ளாட்டும் இல்ல, நடுவுல நிக்குது. குளிருக்கு பிளேயர்தான் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன். அப்புறம் தேடிப் படிச்சா, 1959 மார்ச் 2, நியூயார்க்ல ரெக்கார்ட் பண்ண அன்னிக்கு டேப் மெஷின் கொஞ்சம் ஸ்லோவா ஓடியிருக்கு, அத சரியான ஸ்பீடுல போட்டா சுருதி ஏறிடும்ல, கிட்டத்தட்ட கால் ஸ்வரம், அதாவது கிட்டார்ல ஒரு கட்டைல பாதி, ஏறியிருக்கு, ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முதல் பக்கத்து மூணு பாட்டுமே அப்படித்தான். 1992லதான் பேக்கப் டேப்ப எடுத்து சரி பண்ணாங்க. நாம கேட்டதெல்லாம் ஏறுன சுருதிடா! உனக்குன்னா வயலின் பிருடைய லேசா முறுக்குனா முடிஞ்சுது.

அதுலருந்து சுருதிப் பைத்தியம் பிடிச்சிருச்சு. அந்த பாட்டு ஸ்வரத்துக்கு அப்படியே நம்ம கரகரப்பிரியா ராகம்தான், சரின்னு டி-ய ஷட்ஜமா, அதாவது ‘ஸ’வா வெச்சு தம்புரா ஆப்ப ஓட விட்டு வாசிச்சுப் பாத்தேன். அந்த ராகத்து ‘க’, சாதாரண காந்தாரம், கிட்டார் கட்டையில 300 சென்ட் (ஒரு கட்டைக்கு 100 சென்ட் கணக்கு), தம்புராவோட அது கொஞ்சம் உறுத்துது, கம்பிய லேசா தள்ளி 316க்கு கொண்டு போனா அப்படியே போய் ஒட்டிக்குது. அதுக்கு அடுத்த ‘க’, அந்தர காந்தாரம், இன்னும் மோசம், தம்புரா மந்தர ஷட்ஜத்துல தானா கேக்குமே அது 386, பியானோல 400. ஏன்டா இப்படி வெச்சாங்கன்னு கோவமா வந்துச்சு. ஆனா பாட்டு நடுவுல 8 பார் மொத்தமும் ஈ ஃப்ளாட்டுக்கு தாவுது பாரு, அதே ஸ்வரங்கள வெச்சு ‘ஸ’வ மட்டும் மாத்துற கிரக பேதம் இல்ல, ஷட்ஜத்தையே தூக்கி அரை ஸ்வரம் மேல வெக்குறது, அங்க தம்புரா ஓடுனா காது கூசுது. அப்பதான் புரிஞ்சுது. சுத்தமான பஞ்சமத்த (‘ப’) 12 தடவ அடுக்குனா 7 ஸ்தாயிக்கு (‘ஸ’லருந்து மேல் ‘ஸ’ வரைக்கும் ஒரு ஸ்தாயி) மேல 23 சென்ட் சொச்சம் மிஞ்சும், அந்த மிச்சத்த எல்லா ஸ்வரத்துக்கும் சமமா பிரிச்சுக் குடுத்ததாலதான் பியானோல எங்க வேணா தாவலாம். அவங்க தாவுறதுக்காக காந்தாரத்த விட்டுக் குடுத்தாங்க, நாம ஒரே ஷட்ஜத்துல உக்காந்து காந்தாரத்த காப்பாத்திக்கிட்டோம்னு எனக்குத் தோணுது. நீ என்ன சொல்ற?

உன் கரகரப்பிரியா காந்தாரத்த, கமகத்தோட (ஸ்வரத்த அசைச்சு) ஒண்ணு, கமகம் இல்லாம ஒண்ணு, நிதானமா வாசிச்சு போன்ல பதிஞ்சு அனுப்புடா. பொங்கலுக்கு அப்புறம் வத்தலக்குண்டு வழியாவே வா, ரோடு சரியா இருக்கு. வரப்ப மதுரைல கிட்டார் கம்பி ரெண்டு செட் வாங்கிட்டு வந்துரு, இந்த ஈரத்துக்கு மாசம் ஒரு தடவ துரு ஏறிடுது.

உன் மாப்ள