பொன்னாடை போர்த்தியது போதும், கதையைக் கேளுங்கள்

மொரீசியஸ் தமிழ்க் கோயில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நவம்பர் 2 வந்தால், கூலிகளாக வந்திறங்கியவர்களின் நினைவாக ஊரில் வயதான ஒருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். கப்பல், கரும்பு, பக்தி என்று அவர் பேசும்வரை கைதட்டல்தான். சம்பளம் பிடித்ததையோ, சர்தார் என்ற தோட்டக் கங்காணி அடித்ததையோ எடுத்தால், "சரி பாட்டி, நேரமாச்சு" என்று மைக்கை வாங்கிவிடுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

ஃப்ளாக் பக்கம் ஒரு பாட்டி, சீனர் கடைக் 'கார்னே'யை, அதாவது கடன் நோட்டை, இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அரிசி, எண்ணெய், கருவாடு எல்லாம் அந்த நோட்டில் கடன். கரும்பு வெட்டுக் காலம் முடிந்து பணம் வந்தால் அடைப்பார்கள், அப்புறம் மறுபடி கடன். பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை வருகிறது. இந்த எண்ணெய் தீபாவளிக்கு வாங்கியது, இந்தத் துணி தங்கை சமைந்தபோது எடுத்தது என்று கிரியோல் மொழியில் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்கத்தான் ஆளில்லை. பேரனுக்கு ஹோட்டலில் இரவு ஷிஃப்ட்.

முன்பு வேலை முடிந்த மாலையில் தோட்டத்துக் குடியிருப்பு வாசலில் கூடிக் கதை பேசினார்கள். பல ஆலைகள் மூடிவிட்டன. கரும்பு நின்ற நிலத்தில் வெளிநாட்டார் வாங்கும் பங்களாக்கள் எழுகின்றன. பழைய ஆலையின் புகைபோக்கிக்குக்கூடச் சுற்றுலாவில் விலை உண்டு. அங்கே உழைத்தவர் சொல்வதற்குத்தான் இல்லை. கேட்பதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் முழுவதும் சம்பள வேலைக்குப் போய்விடுகிறது.

1943 செப்டம்பர் 27 அன்று பெல் வூ ஆரெல் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. செத்த நால்வரில் அஞ்சலை கூப்பன் கர்ப்பிணி. இன்னொருவர் சிறுவன். அவள் பெயரில் விளையாட்டரங்கம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த இரவு வீடுகளில் என்ன பேசினார்கள், மறுநாள் அடுப்பு எரிந்ததா என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியவரும். அப்போது குழந்தையாக இருந்தவர்களுக்கே இன்று எண்பது வயதுக்கு மேல்.

தைப்பூசக் காவடிக்கு விரதமிருக்கும் நாட்களில் மாலைதோறும் கோயிலில் கூடுகிறோம் அல்லவா? பூஜை முடிந்ததும் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்குக் கொடுங்கள். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் போனிலேயே பதிவு செய்யட்டும். கிரியோலில் பேசினாலும் தடுக்காதீர்கள். கூலி, கடன், வேலைநிறுத்தம் பற்றிய பேச்சை வெட்டாதீர்கள். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று கோயிலுக்கு. அவர்கள் சம்மதமில்லாமல் எந்த விளம்பரத்துக்கும் தர வேண்டாம்.

வரும் காவடிக்கே தொடங்க முடியுமா என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவு சொல்லுங்கள்.