ஸ்லாப்பில் துளை போடும் முன்

இலங்கை மலையகத்தில் சோலார் பொருத்தித் தரும் நிறுவனத்தாருக்கும், பொருத்தும் வேலைக்கு அவர்கள் அனுப்பும் பாஸ்மாருக்கும் வணக்கம்.

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஸ்லாப்பில், அதாவது தட்டையான கொங்கிரீட் கூரையில் உள்ள எட்டுப் பெனல்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. கரண்ட் பில் குறைந்திருக்கிறது, சரி. குறை அவற்றின் கால்களைப் பற்றியது. பன்னிரண்டு கால், காலுக்கு நான்கு போல்ட்.

தென்மேற்கு மழை தொடங்கிய வாரமே படுக்கையறை மேலே ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்தது. மூன்றாம் நாள் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு பேசினை வைத்தோம். ஏறிப் பார்த்தால், போல்ட்டைச் சுற்றி அடித்த சிலிகோன் காய்ந்த கஞ்சி ஆடை மாதிரி கையோடு உரிந்து வந்தது. பொருத்தியவர்களைக் கூப்பிட்டேன். வந்த தம்பி இன்னொரு டியூப் அடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு மறுபடியும் பேசின்.

ஸ்லாப் தகரம் இல்லை, ஐயாமாரே. தகரத்து ஓட்டையை அண்ணாந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஸ்லாப்புக்குள் இறங்கிய தண்ணீர் எங்கே போய் வெளிவரும் என்று சொல்ல முடியாது. அதற்குள் அது கம்பியைப் பிடித்துவிடும். துருவேறிய கம்பி ஊதும். ஊதினால் கொங்கிரீட் சில்லுச் சில்லாகக் கொட்டும். வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும் இரும்புக் காலைச் சிலிகோன் மட்டும் எத்தனை மழைக்குப் பிடித்து வைக்கும்?

துளை போடாமல் கொங்கிரீட் கட்டை வைத்துப் பாரம் கொடுக்கலாம். ஆனால் நாலு கல்லைத் தூக்கி வைத்தால் போதாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரைச் சுமார் 47 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். பெரிய பெனல் ஒன்று ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர், எடை சுமார் 30 கிலோ. பள்ளத்தாக்கில் இருந்து ஏறி வரும் காற்று அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு அடி நீள அகல உயரமுள்ள கட்டை 65 கிலோ அளவுக்கு வரும். அதை அறையின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடம் பார்த்து வையுங்கள். அடியில் ரப்பர் விரியுங்கள், தண்ணீர் ஓடும் வழியை மறிக்காதீர்கள். காற்று மிக மோசமாக இழுக்கும் ஓரத்தையும் மூலையையும் விட்டு உள்ளே தள்ளுங்கள். போல்ட் இல்லாமல் ஆகாது என்றால், ஸ்லாப் கம்பியோடு சேர்த்துத் திண்டு கட்டி, வாட்டர் புரூஃபிங்கைத் திண்டின் மேல்வரை ஏற்றிவிட்டு, அதில் போல்ட் போடுங்கள். செலவு கூடும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கொடுக்கிறோம்.

அப்புறம் திசை. எல்லா வீட்டுக்கும் ‘தெற்குப் பக்கம்’ என்ற ஒரே வரைபடம் வருகிறது. ஹட்டன் பக்கம் நல்ல வெயில் ஜனவரியில் இருந்து மார்ச் வரை. அப்போது சூரியன் தெற்கே, சரிதான். மலையின் மறுபக்கம் பண்டாரவளையில் யூன், யூலையிலும் வானம் தெளிந்திருக்கும். அந்த நேரம் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே. அங்கே 10 பாகைக்கு மேல் தெற்கே சாய்ப்பதில் என்ன இலாபம்? அதற்கும் குறைத்துப் படுக்க வைத்தால் அழுக்கு தங்கும், பாசி பிடிக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். எங்கள் ஸ்லாப்புகளில் மேல்மாடிக்கென்று கம்பி நீட்டி, போத்தல் கவிழ்த்து வைத்திருக்கிறோம். மகனோ மகளோ ஒருநாள் கட்டுவார்கள் என்ற நினைப்பு. கழற்றி வைக்க முடியாதபடி பெனல் போடும் முன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

இடம் பார்க்க நண்பகலில் வராதீர்கள். காலை எட்டு மணிக்கு வந்தால் எதிர்மலையின் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியும். என் வீட்டுக்கும் வாருங்கள். 48 துளை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சோக்கால் நம்பர் போட்டு வைத்திருக்கிறேன்.