அக்காவின் வீட்டுச் சாவி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். வெயில் கடுமையாகிவரும் இந்த நாட்களில் அக்கா தனியாக இருப்பதை நினைத்து உறக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். "தினமும் தொலைபேசியில் கேட்கிறேன், நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் தனியாக வசித்த பெரியவரும் காலையில் அதையேதான் சொன்னார். மாலையில் உள்ளே போய்ப் பார்த்தபோது அவருக்கு நாக்குக் குழறியது. என்ன கிழமை என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறிக்கொண்டிருந்தோம். பிழைத்துக்கொண்டார்.

வயது ஏறும்போது தாகமும் வியர்வையும் குறைகின்றன. சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரைகளும் மனநோய்க்கான சில மருந்துகளும் உடல் தன்னைத் தணித்துக்கொள்வதை மேலும் கடினமாக்குகின்றன. சூடு மூளையை எட்டிவிட்டாலோ, தமக்கு ஆபத்து என்று உணரும் தெளிவே போய்விடுகிறது. ஆகவே "நலமா?" என்ற கேள்வியை நம்பி இருந்துவிட முடியாது என்பதை அன்று நாங்கள் கற்றுக்கொண்டோம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 கோடையில் வெப்பத்தால் இறந்த 619 பேரில் 98 சதவீதத்தினர் வீட்டுக்குள்ளோ வேறு கட்டடத்துக்குள்ளோ பாதிக்கப்பட்டவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அங்கே அபாயம் மிக அதிகமாக இருந்தது. யாரும் போய்ப் பார்க்காத வீடுகளில் இத்தகையவர்களின் வீடுகளும் உண்டு என்பதால் இது என்னை மிகவும் வருத்துகிறது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் வெப்பத்தால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளில், கடைகளும் மனித நடமாட்டமும் நிறைந்திருந்த பகுதியின் இறப்பு விகிதம் மற்றதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகவே இருந்தது.

இப்போது நாங்கள் பன்னிரண்டு பேர் முறைவைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் இரண்டு வீடுகளுக்குப் போய்வருகிறோம். முதலில் காலையில் மட்டும் போனோம், அது தவறு. பகலெல்லாம் சூடேறிய சுவரும் கூரையும் இரவில்தான் அந்தச் சூட்டை உள்ளே விடுகின்றன என்பதால் மாலைச் சந்திப்பே முக்கியம். வாசலோடு திரும்பாமல் உள்ளே போய் அறையின் வெப்பமானியைப் பார்க்கிறோம்; 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மின்விசிறி சூட்டைத் தணிப்பதற்குப் பதில் கூட்டும் என்பதால், குளிர்ந்த இடத்துக்கு அழைத்துப்போகிறோம். சிலர் வர மறுக்கிறார்கள். உதவி என்று சொன்னால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. "சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கலாம், வாருங்கள்" என்றால் பெரும்பாலும் எழுந்துவிடுகிறார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது எனக்கும் பிடித்திருக்கிறது.

அக்காவின் அடுத்த வீட்டாரிடம் இன்றே பேசுங்கள். ஒரு சாவியும் அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் அவர்களிடம் இருக்கட்டும். மருந்துகளைத் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் ஒருவர் உள்ளே போய், நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கிழமை என்னவென்று கேட்டுவிட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சம்மதித்தார்களா என்று ஒரு வரி எழுதுங்கள். தயங்கினால் நானே அவர்களிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்