அண்ணே, இனிமே டைஸ் எல்லார் கண்ணு முன்னாடிதான் உருளும்

அண்ணே,

போன்லயே சொல்லிருக்கலாம். ஆனா போன்ல நீங்க "சரி விடு பாப்பா"ன்னு முடிச்சிருவீங்க, நானும் சரிண்ணேன்னு வச்சிருவேன், அதான் எழுதறேன். வர்ற ஞாயித்துக்கிழமலருந்து நம்ம டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் டேபிள நான் நடத்தப் போறேன். நீங்க ஊர விட்டுப் போனதுல இருந்து யார் டிஎம் (கதையச் சொல்லி, அரக்கனுக்கும் டைஸ் உருட்டி ஆட்டத்த நடத்தற ஆளு), யார் டிஎம்னு இழுத்துக்கிட்டே இருந்தது ஒரு வழியா முடிஞ்சிருச்சு. நீங்க விட்டுட்டுப் போன புக்கு, கட்டம் போட்ட சார்ட்டு, அரக்கனுக்குப் பதிலா வச்சு ஆடுன புளியங்கொட்ட டப்பா எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. டைஸ மறைச்சு உருட்ட நீங்க நிப்பாட்டி வைக்கற அந்த காலண்டர் அட்டைய மட்டும் எடுக்கப் போறதில்ல. ஏன்னு உங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது, இன்னிக்கி தெரிஞ்சுக்கட்டும்.

குரூப்ல இருக்க எல்லாரும் இதப் படிப்பாய்ங்க, பெரியம்மாவும் படிக்கும் (பெரியம்மா, இது வெளையாட்டு சமாச்சாரந்தான், உடனே அண்ணனுக்குப் போன் போடாதீங்க). அதனால சில விஷயத்த மேலோட்டமாத்தான் சொல்லுவேன். முக்கியமா அந்த வருஷம் உங்களுக்கு என்னென்ன ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன்.

அழகர் ஆத்துல எறங்குன அன்னிக்கி மத்தியானம். ராத்திரி பூரா தூங்காம ஆத்துக்குள்ள நசுங்கிட்டு வந்து, எல்லாருக்கும் கண்ணு எரியுது, செல்லூர் மாடி ரூம்ல ஃபேன் அனலத்தான் எறக்குது, அப்பவும் ஆட்டத்த தள்ளி வைக்க ஒருத்தனுக்கும் மனசு வரல. யானமலைக்குள்ள நீங்க கட்டுன அந்தக் குகைல என் கேரக்டர் செல்லாயி விழுந்து கெடக்கா. ஹிட் பாயிண்ட் (உசுரோட அளவு) ஜீரோ. டெத் சேவ்ல (சாகாம தப்பிக்க உருட்டறது) ஏற்கனவே ஒன்னு ஃபெயில். பக்கத்துல ஓகர்ங்கற அரக்கன் நிக்கிது, எங்க பக்கம் அவள எட்டுற தூரத்துல ஒருத்தரும் இல்ல.

ஆடாதவங்களுக்காக ஒரு வார்த்த: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அஞ்சாவது எடிஷன்ல மயங்கிக் கெடக்கற ஆள பக்கத்துல நின்னு அடிச்சா டைஸ ரெண்டு தடவ உருட்டி பெரிய நம்பர எடுத்துக்கலாம், அடி பட்டுச்சுன்னா அது தானாவே கிரிட் (பலத்த அடி), கிரிட்டுன்னா டெத் சேவ்ல ரெண்டு ஃபெயில். மூணு ஃபெயில் ஆனா கேரக்டர் செத்துச்சு. 20 முகம் டைஸ்ல விழறதோட ஓகருக்கு 6 கூட்டிக்கணும், அது என் ஏசிய (தற்காப்பு நம்பரு) எட்டணும், என் ஏசி 15, அதாவது டைஸ்ல 9 விழுந்தாப் போதும். ரெண்டு டைஸ்ல ஒன்னாவது 9ஓ அதுக்கு மேலயோ விழ நூத்துக்கு 84 வாய்ப்பு. அவ சாகத்தான் போறா. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அட்டைக்குப் பின்னாடி உருட்டுனீங்க. ஒன்னு உள்ளயே நின்னுருச்சு, இன்னொன்னு முருகன் படம் போட்ட அட்டைக்கும் தண்ணி சொம்புக்கும் நடுவுல இருந்த சந்துல பாதி வெளிய வந்து நின்னுச்சு. நீல கலர் டைஸ். நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு நாந்தான் வெள்ள நெயில் பாலிஷ் தடவி, மேல வழிஞ்சத ஊசியால சொரண்டி விட்டது. 17ல மட்டும் ஏழோட காலு கொஞ்சம் தடிச்சுப் போயிருக்கும். அந்தத் தடிச்ச ஏழத்தான் நான் பாத்தேன். நீங்க டைஸ உள்ள இழுத்துட்டு, "ரெண்டும் சின்ன நம்பரு, மிஸ்ஸு, கட்ட பாறைல பட்டு தெறிக்குது"ன்னீங்க. எல்லாரும் கத்துனாய்ங்க. ஒருத்தன் என் முதுகுல அடிச்சான். நீங்க நிமிந்து என்னைப் பாத்தீங்க, நான் உங்களப் பாத்தேன். அப்பறம் அடுத்த ஆளு டர்னு வந்துருச்சு.

எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு இப்பவும் சொல்லுவேன். அன்னிக்கி ராத்திரி வீட்டுல படுத்துக்கிட்டு சிரிச்சேன், நம்ம அண்ணன் எனக்காக ஒரு பொய் சொல்லிருக்காருன்னு.

ரெண்டு நாள் கழிச்சு அதே நெனப்புல எரிச்சல் வந்துச்சு பாருங்க. பாவம், தங்கச்சி, ஆசையா கேரக்டர் எழுதிருக்கு, அழுதுரும், இதான உங்க மனசுல ஓடிருக்கும்? டேபிள்ல இருந்தவங்கள்ல நான் ஒருத்திதான் பொண்ணு. மத்த யாருக்காச்சும் அந்த டைஸ உள்ள இழுத்திருப்பீங்களா? அதுக்கப்பறம் செல்லாயி என்ன செஞ்சாலும் எனக்கு ருசிக்கல. பூட்டத் தொறந்தா, அது தொறந்துச்சா இல்ல நீங்க தொறந்து விட்டீங்களா? அந்தக் கேள்வியோடதான் மிச்ச மாசமெல்லாம் ஆடுனேன்.

ரூல்னு பாத்தா நீங்க ஒன்னும் தப்புப் பண்ணல, அது வேற கடுப்பு. நானும் தேடிப் படிச்சேன். 2014ல வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுலயே இருக்கு, மறைச்சு உருட்டுனா தேவைப்படறப்ப மாத்திச் சொல்லலாம், அடிக்கடி செய்யாதீங்க, செய்யறது ஆடறவங்களுக்குத் தெரியவும் விடாதீங்கன்னு. அந்தக் கடைசி பாதியத்தான் நீங்க கோட்ட விட்டீங்க. ஏன், 1974ல இந்த ஆட்டத்த உருவாக்குன கைகாக்ஸும் ஆர்னசனும் போட்ட அந்த மூணு குட்டி புக்குலயே பல விஷயத்த ஆடறவன் யோசிச்சுக்கன்னுதான விட்டிருந்தாய்ங்க, அதே கைகாக்ஸ் சில வருஷம் கழிச்சு எல்லா டேபிளும் ஒரே மாதிரி ஆடணும்னு தடிமனா புக்கு புக்கா எழுதுனாரு, ஆக இந்தச் சண்ட நம்ம மாடில பொறந்தது இல்ல.

நம்ம சண்டையெல்லாம் நெனச்சா சிரிப்பாத்தான் வருது. ஹீலிங் போஷன் (காயத்த ஆத்துற மருந்து) குடிக்க ஒரு டர்னோட முழு ஆக்‌ஷன் வேணுமா, போனஸ் ஆக்‌ஷன் (கூடவே செய்யற சின்ன வேல) போதுமான்னு ஒரு சாயங்காலம் பூரா, பருத்திப்பால் ஆறி ஆட கட்டற வரைக்கும் கத்துனோமே, அத 2024 புக்குல போனஸ் ஆக்‌ஷன்னே போட்டாய்ங்க. நம்ம சொன்னதுதான் ஜெயிச்சுச்சு, எல்லா ஊர்லயும் அப்பிடித்தான் ஆடிக்கிட்டு இருந்திருக்காய்ங்க. அதே மாதிரி 20 விழுந்தா எது கேட்டாலும் நடக்கணும்னு ஒருத்தன் அடம் புடிச்சான்ல, ராஜாகிட்ட கிரீடத்த கேட்டு 20 உருட்டிட்டு, ராஜா சிரிச்சு அனுப்புனாருன்னு நீங்க சொன்னதுக்கு ஒரு வாரம் பேசாம இருந்தான். புக்குப்படி 20க்கு அந்த மரியாத அட்டாக்குலயும் டெத் சேவ்லயும் மட்டுந்தான், 2022ல புது ரூலுக்கு வெள்ளோட்டம் விட்டப்ப எல்லாத்துக்கும் வச்சுப் பாத்துட்டு அவய்ங்களே எடுத்துட்டாய்ங்க. 1 விழுந்தா வாள் கைய விட்டு நழுவணும்னு வந்த ஃபம்பிள் ரூல நீங்க ஒத்துக்கவே இல்ல, அதுக்கு நீங்க காமிச்ச கணக்கு இன்னும் என் நோட்டுல இருக்கு: ஒரு தடவ வெட்டறவனுக்கு 1 விழ நூத்துக்கு 5, நாலு தடவ வெட்டற பெரிய லெவல் ஃபைட்டருக்கு ஒரு டர்ன்ல ஒன்னாவது 1 விழ பதினெட்டர, அப்ப கை தேறத் தேற வாள் அதிகமா நழுவுமாடான்னு கேட்டீங்க. ஒரு பயலும் வாயத் தெறக்கல. உங்களப் போல டிஎம் இந்த ஊர்ல இல்லண்ணே, அத யார் படிச்சாலும் எனக்குக் கவலையில்ல.

அவ்வளவு கணக்கு தெரிஞ்ச ஆளுதான் ஆடி மாசம் அப்பிடிப் பண்ணீங்க.

அவன் பேர எழுதல. நம்ம கூட ஆடுனவன்தான். அவனோட கேரக்டர் வீரணன் விழுந்து கெடந்தான், ஜீரோல. டெத் சேவ்ல ஒன்னு ஃபெயில். அதே ஓகர் கூட்டத்துல மிச்சம் இருந்த ஒன்னு. அவன் ஏசி 18, ஓகருக்கு 12 வேணும், ரெண்டு டைஸ்ல நூத்துக்கு எழுவது. என்னைவிட அவனுக்குத் தப்பிக்க வழி இருந்துச்சு. ஆனா அன்னிக்கி மட்டும் நீங்க அட்டைக்கு முன்னாடி, சார்ட்டு மேல, எல்லாரும் பாக்க உருட்டுனீங்க. 14, 6. "ரூல் அதான்டா, நான் என்ன செய்ய?" ரிவிவிஃபை (செத்தவன எழுப்பற மந்திரம்) போடலாம்ல, செத்து ஒரு நிமிஷம் தாண்டலயேன்னு அவன் கேட்டான், 300 பொன்னு பெறுமான வைரம் இருக்கான்னு நீங்க திருப்பிக் கேட்டீங்க. ரூல் சரிதான். 2024 புக்குலயும் அது மாறல. அவன் ஷீட்ட நாலா மடிச்சு சட்டப்பையில வச்சுக்கிட்டு படி எறங்கிப் போனான், அப்பறம் வரல. அவன் வராததுக்கு வேற காரணமும் இருக்கு, அத அவன்தான் சொல்லணும்.

ஏன் அன்னிக்கி மட்டும் வெளிய உருட்டுனீங்க? நான் நெனைக்கறத சொல்லிர்றேன். என்கிட்ட மாட்டிக்கிட்டீங்கல்ல, அந்த உறுத்தல். இனிமே நேர்மையா இருக்கணும்னு முடிவு எடுத்துட்டீங்க. ஆனா அந்த முடிவ யாருகிட்டயும் சொல்லல, அடுத்து யார் தல வந்து மாட்டுச்சோ அதுல எறக்கிட்டீங்க. எனக்கு ஒரு ரூலு, அவனுக்கு ஒரு ரூலு, நடுவுல மூணு மாசம். அவன் படி எறங்கறப்ப நான் வாயத் தெறந்திருந்தா உங்க மானம் அங்கயே போயிருக்கும், அதான் பேசாம இருந்தேன், அதுக்கு அவன்கிட்ட சாரி கேக்கணும்னா கேப்பேன், உங்ககிட்ட கேக்கணுமான்னு தெரியல, ஒருவேள இத இப்பிடி எல்லாரும் பாக்க எழுதறதுக்குக் கேக்கணுமோ என்னமோ. கேட்டுக்கறேன். எழுதாம விட மட்டும் முடியாது.

நம்ம அம்மாச்சி தாயம் ஆட உக்காந்தா மொதல்ல கட்டைய உருட்டாது, வாயத்தான் தெறக்கும். "எங்க வீட்டுல ஒரு காயாச்சும் வெட்டாம பழம் எடுக்க முடியாது, கட்ட பாய விட்டு வெளிய போனா செல்லாது"ன்னு எதுத்த வீட்டு அக்காகிட்டயும் சொல்லும், நம்மகிட்டயும் சொல்லும். அடுத்த தெருவுல வேற மாதிரி ஆடுவாங்க, அது வேற. அம்மாச்சி ரூலு கொடும்தான், நீங்க அழுதிருக்கீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா பேரனுக்கு ஒரு மாதிரி, பேத்திக்கு ஒரு மாதிரின்னு ஒரு நாளும் இருந்ததில்ல. நீங்க எனக்குச் செஞ்சது இரக்கமா இருக்கலாம், ஹவுஸ் ரூல் இல்ல. அதையே உருட்டறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் "விழுந்து கெடக்கறவன அடிச்சா நம்ம டேபிள்ல ஒரு ஃபெயில்தான்"னு சொல்லிருந்தீங்கன்னா செல்லாயியும் பொழச்சிருப்பா, வீரணனும் அந்த அடியில செத்திருக்க மாட்டான்.

அந்த ரூலத்தான் நான் வைக்கப் போறேன், ஒரு தாள்ல எழுதி செவுத்துல ஒட்டியாச்சு. விழுந்தவன அடிச்சா ஒரு ஃபெயில். அதுக்குப் பதிலா ஜீரோக்குப் போய் எந்திரிச்சா ஒரு லெவல் எக்ஸாஷன் (களைப்பு), சும்மா சும்மா விழுந்து எந்திரிக்க முடியாது. 20 அட்டாக்குக்கு மட்டும். டைஸெல்லாம் சார்ட்டு மேல, அரக்கனோடதும் சேத்து. இதுல அரக்கனோட பலம் அஞ்சாறு உருட்டுல தெரிஞ்சு போயிரும், பயம் கொறையும்னு நீங்க சொல்லுவீங்க, உண்மதான், கொறையட்டும்.

அவன்கிட்ட பேசிட்டேன். 17 விழுந்ததையும் சொல்லிட்டேன், இத எழுதறதுக்கு முன்னாடியே. கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் கெட்ட வார்த்தைல உங்களத் திட்டுனான், அப்பறம் ஞாயித்துக்கிழம எத்தன மணிக்குன்னு கேட்டான். வீரணனோட தம்பின்னு புதுசா ஒருத்தன எழுதிட்டு வர்றானாம்.

நீங்க லீவுக்கு வந்தா நேரா வந்து உக்காருங்க. டிஎம்மா இல்ல, ஆடறவரா. ஒன்னாம் லெவல்லருந்துதான். சனிக்கிழமக்குள்ள சொல்லிருங்கண்ணே, எத்தன பேருக்குச் சோறுன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு.